பிஎச்.டி. மாணவர்களே இல்லாத கல்லூரியில் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கடிதத்தின் சுருக்கம்

தென் தமிழகத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிருக்கும் 19 வயது மாணவி எழுதியிருக்கிறார். நடுமேற்குப் பகுதியில், சுற்றிலும் மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த ஊரில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது கலையும் அறிவியலும் சேர்த்துக் கற்பிக்கும் இளங்கலைக் கல்லூரி. மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு பேர்தான் படிக்கிறார்கள். இவர் உயிரியல் முதலாண்டு. கட்டணத்தில் பெரும்பகுதியைக் கல்லூரியே ஸ்காலர்ஷிப்பாகத் தருகிறது. மீதிக்கு அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக்கடன் வாங்கியிருக்கிறார். மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. முடித்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது இவருடைய ஆசை.

சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்ற பயம். கல்லூரியில் பிஎச்.டி. படிப்பு இல்லை, அதனால் ஆராய்ச்சியும் இருக்காது என்று நினைக்கிறார். வெளியே நடக்கும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்கள் ஏழுக்கு விண்ணப்பித்தார், ஏழும் கிடைக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியதில் இரண்டு பதில் வந்தது. அதில் ஒருவர் சம்பளம் இல்லாமல் வேண்டுமானால் வந்து வேலை பழகலாம் என்றிருக்கிறார். இதற்கிடையே இவருடைய சொந்தக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், பத்து வாரக் கோடைத் திட்டத்துக்கு இவரை அழைத்திருக்கிறார். அது புல்வெளி மண்ணில் வாழும் பூஞ்சைகள் பற்றியது. "எனக்கும் பூஞ்சைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்.

நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா, "பேரே தெரியாத காலேஜ்ல பி.ஏ. வாங்கி என்ன பண்ணப் போற? பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறிடு" என்கிறார். ஊரில் அப்பாவுக்கு அந்த 'பி.ஏ.' என்ற சொல்லே உறுத்துகிறது. பேராசிரியைக்கு இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பிக்கும் கெடுவும் மார்ச்சில் முடிகிறது. "நான் என்ன செய்யட்டும், மேடம்?"

ஆலோசனை

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த ஏழு நிராகரிப்புகள்தான். அவற்றுக்கும் உங்கள் திறமைக்கும் தொடர்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். ஏழில் ஐந்து, ஆர்.இ.யூ. என்று அழைக்கப்படும் திட்டங்கள். என்.எஸ்.எஃப். எனப்படும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்து நடத்துபவை. அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். இது விதி. ஆறாவதாக நீங்கள் எழுதியிருக்கும் ஆம்ஜென் ஸ்காலர்ஸ் திட்டத்திலும், அமெரிக்காவில் நடக்கும் பகுதிக்கு அதே நிபந்தனைதான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் ஒருவரின் விண்ணப்பத்தை அங்கே யாரும் படித்துப் பார்த்து, போதாது என்று தள்ளி வைக்கவில்லை. முதல் கட்டத்திலேயே அது விலகிப் போயிருக்கும். இதை யாராவது டிசம்பரிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நாற்பது மின்னஞ்சல்களைப் பற்றியும் மனம் தளர வேண்டாம். முதலாண்டு மாணவி, முன்பின் தெரியாத ஆய்வகம், பொதுவான ஒரு கடிதம். இதற்கு இரண்டு பதில் வந்ததே நல்ல விஷயம்தான்.

ஆய்வகத்தில் உங்களுக்கும் பேராசிரியருக்கும் நடுவே யார்?

பிஎச்.டி. மாணவர்கள் இல்லையென்றால் ஆராய்ச்சி இல்லை என்ற எண்ணம் நம் ஊரில் மட்டுமல்ல, அமெரிக்காவிலேயே பலரிடம் உண்டு. நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள். என் பிஎச்.டி.யை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் செய்தேன். எங்கள் ஆய்வகத்தில் பதினெட்டுப் பேர். அதில் மூன்று பேர் இளங்கலை மாணவர்கள். அவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான், திருத்தியது நான், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிந்ததும் நான்தான். பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். அந்த மூவரில் ஒரு பையன் இரண்டு வருடம் எங்களோடு இருந்தான். அவனுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தபோது, அதன் வரைவை எழுதிக் கொடுக்கும்படி பேராசிரியர் என்னிடம் சொன்னார். எனக்கே அப்போது பிஎச்.டி. முடியவில்லை.

பிறகு பதினேழு ஆண்டுகள் ஒரு சிறு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தேன். அங்கே என் ஆய்வகத்தில் நானும் நான்கு இளங்கலை மாணவர்களும்தான். கருவி பழுதானால் நானும் அவர்களும் சேர்ந்துதான் கழற்றுவோம். ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கும் வேலை மூன்று மாதம் சரிவராமல் இழுத்தடித்தபோது, எங்கே தவறு என்று கண்டுபிடித்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. அவள் அதைக் கண்டுபிடித்தபோது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நான் அவளுக்கு எழுதிய கடிதத்தில் அந்த நாள் இருந்தது, அவள் கேட்ட கேள்வி இருந்தது. பிஎச்.டி. சேர்க்கைக் குழு தேடுவது அப்படிப்பட்ட கடிதத்தைத்தான்.

தாமஸ் செக் பெயரை உங்கள் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். ஆர்.என்.ஏ. ஒரு நொதியைப் போலவும் செயல்படும் என்று காட்டி 1989இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் இளங்கலை படித்தது அயோவாவில் உள்ள கிரின்னல் கல்லூரியில், 1970இல் பட்டம். உங்களுடையதைப் போன்ற சிறு கல்லூரிதான். கிரிஸ்பர் மரபணுத் திருத்தத்துக்காக 2020இல் நோபல் பெற்ற ஜெனிபர் டவுட்னா, கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் 1985இல் பட்டம் பெற்றவர். அதுவும் சிறு கல்லூரி, அங்கும் பிஎச்.டி. கிடையாது. இந்த டவுட்னா பிஎச்.டி. முடித்தபின் போஸ்ட்டாக் எனப்படும் பயிற்சி ஆய்வாளராகச் சேர்ந்தது கொலராடோவில், அதே தாமஸ் செக்கின் ஆய்வகத்தில். செக் 1999இல் இந்தக் கல்லூரிகளின் அறிவியல் கல்வி பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பட்டம் பெறுவோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பிற்பாடு அறிவியலில் பிஎச்.டி. பெறுகிறவர்களின் விகிதம் சிறந்த லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் நாட்டின் பொதுவான அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதில் காட்டியிருக்கிறார். சித்தப்பாவிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். இந்த வகைக் கல்லூரியை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

நம் சமையலறை அலுமினியப் பாத்திரத்துக்கும் இப்படியொரு கதை உண்டு. ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற மாணவர், வேதியியல் ஆசிரியர் ஜூவெட்டின் வழிகாட்டலில் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். 1885இல் பட்டம் வாங்கினார், 1886 பிப்ரவரியில் வீட்டு விறகுக் கொட்டகையில் செய்த சோதனையில் மின்பகுப்பு முறை கைகூடியது. கருவிகளையும் வேதிப்பொருள்களையும் கொடுத்து உதவியவர் அந்த ஆசிரியர். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் வேலை செய்யும் வழக்கம் இந்தக் கல்லூரிகளில் அத்தனை பழையது. ஓரிகனின் ரீட் கல்லூரியில் ஒரு சிறிய அணு உலையே இருக்கிறது. 1968இலிருந்து இயங்குகிறது, அதை இயக்க உரிமம் பெற்றவர்களில் பெரும்பாலோர் இளங்கலை மாணவர்கள். ரீடிலும், ஓஹையோவின் உஸ்டர் கல்லூரியிலும், கடைசி ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து எழுதாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். கல்லூரியின் சொந்த நிதி ஒரு பக்கம். இளங்கலைக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கென்றே அரசு நிதிக்கும் வழி உண்டு. என்.எஸ்.எஃப்.பில் ஆர்.யூ.ஐ. என்று ஒன்று, தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆர்-15 என்று ஒன்று. இரண்டுமே மாணவர்களை ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவதை நோக்கமாகக் கொண்டவை. ஆனால் 2025இலிருந்து அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி பல இடங்களில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் பத்து வார ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, அது உறுதியானதா என்று பேராசிரியையிடம் நேராகவே கேளுங்கள். அங்கே இப்படிக் கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பூஞ்சைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

செக் தன் கண்டுபிடிப்பைச் செய்தது எந்த உயிரியில் தெரியுமா? டெட்ராஹைமினா. குளத்து நீரில் திரியும் ஒற்றைச் செல் உயிரி. அதே டெட்ராஹைமினாவில்தான் குரோமோசோம் நுனிகளின் அமைப்பும், அவற்றை நீட்டும் டெலோமரேஸ் நொதியும் முதலில் கண்டறியப்பட்டன. இன்று புற்றுநோய் ஆராய்ச்சியில் அந்த நொதி எவ்வளவு பெரிய தலைப்பு என்பது உங்களுக்கே தெரியும். கிரிஸ்பரின் வேரும் மருத்துவமனையில் இல்லை, வைரஸிடமிருந்து பாக்டீரியா தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்ற கேள்வியில் இருந்தது.

நீங்கள் இருக்கும் பகுதியின் மண்ணையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே ஆள் உயரப் புல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது. அயோவா மாநிலத்தில் மட்டும் அந்தப் பழைய புல்வெளியில் இப்போது ஆயிரத்தில் ஒரு பங்குகூட மீதி இல்லை. எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும் ஆகிவிட்டது. புல்லின் வேரோடு சேர்ந்து வாழ்ந்த பூஞ்சைகளில் எவை மிஞ்சின, புல்வெளியைத் திரும்ப வளர்த்தால் அவையும் திரும்பி வருமா என்பதெல்லாம் கனமான கேள்விகள். உங்கள் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்தக் கேள்விகள் இருக்கின்றன.

சரி, உங்களுக்கு அதில் மனம் ஒட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பத்து வாரத்தில் உங்கள் கைக்கு வரும் வேலை என்ன? மண்ணிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது, பி.சி.ஆர். முறையில் அதைப் பல மடங்காகப் பெருக்குவது, வரிசைத் தரவைக் கணினியில் அலசுவது, ஆய்வுக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதுவது, தோற்ற சோதனையை மறுபடி வடிவமைப்பது. புற்றுநோய் ஆய்வகம் உங்களிடம் முதலில் கேட்கப் போவதும் இவற்றைத்தான். மண் டி.என்.ஏ.வில் பி.சி.ஆர். சரியாக வரவைப்பது லேசான காரியம் இல்லை. மண்ணிலுள்ள ஹியூமிக் அமிலம் வினையைக் கெடுத்துவிடும். அதில் பழகியவருக்குச் செல் வளர்ப்பிலிருந்து எடுத்த சுத்தமான டி.என்.ஏ. சுலபமாகத் தோன்றும்.

ஒரு கோடையில் ஆய்வுக் கட்டுரை வந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்யும் பேராசிரியருக்கு ஒரு கட்டுரை முடிய மூன்று, நான்கு வருடம் ஆவது சகஜம். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு போஸ்டர், அதாவது ஆய்வைச் சுருக்கமாகக் காட்டும் ஒரு பெரிய தாள். 1987இலிருந்து நடக்கும் இளங்கலை ஆராய்ச்சிக்கான தேசிய மாநாடு போன்ற இடங்களில் அதை நின்று விளக்கலாம். அப்புறம் அதே வேலையை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் தொடர்ந்தால் கட்டுரையில் பெயர் வரும் வாய்ப்பு தானாகவே கூடும்.

சிறு கல்லூரியின் குறைகளும் உண்டு

உங்கள் துறையில் மொத்தம் எட்டோ பத்தோ பேராசிரியர்கள் இருப்பார்கள். ஒருவருடைய தலைப்பை இன்னொருவர் செய்ய மாட்டார். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால், அந்த ஆண்டு அவருடைய ஆய்வகக் கதவு பூட்டியிருக்கும். இளம் பேராசிரியராக இருந்தால் பணி நிரந்தரம் கிடைக்காமல் வேறு ஊருக்கே போய்விடவும் கூடும். பதவியின் பெயருக்கு முன்னால் 'விசிட்டிங்' என்று இருந்தால், அவர் ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்று அர்த்தம். அவரிடம் வேலை பழகலாம், ஆனால் நான்கு வருடத் திட்டத்தை அவரை நம்பிப் போட வேண்டாம். உங்கள் பேராசிரியை எந்த நிலையில் இருக்கிறார், அடுத்த இரண்டு ஆண்டில் விடுப்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விலை உயர்ந்த கருவிகளும் குறைவுதான். இரண்டு தளத்துக்குச் சேர்த்து ஒரு நல்ல நுண்ணோக்கி இருக்கும். எலி வைத்துச் செய்யும் ஆராய்ச்சி பல சிறு கல்லூரிகளில் கிடையாது. ஒரு துறையின் முன்னணியில் இன்று காலை என்ன நடக்கிறது என்ற பேச்சு, பெரிய ஆய்வகத்தின் காபி அறையில் தானாகக் காதில் விழும். உங்களுக்கு அதைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆகவே நான்கு ஆண்டும் உள்ளேயே இருந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் கோடை உங்கள் கல்லூரியில், இரண்டாவது அல்லது மூன்றாவது கோடை வெளியே ஒரு பெரிய ஆய்வகத்தில் என்பதுதான் நான் என் மாணவர்களுக்கு எப்போதும் சொன்ன வரிசை. கையில் வேலை தெரிந்து, உங்களை நன்றாக அறிந்த ஒருவரின் கடிதத்தோடு போனால் கதவு திறக்கும். குடியுரிமை கேட்காத வாய்ப்புகளும் இருக்கின்றன. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் படிக்கும் இளங்கலை மாணவர்களைக் கோடையில் ஜெர்மன் ஆய்வகங்களுக்கு அழைக்கும் ரைஸ் திட்டத்தை டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்துகிறது. அதன் அறிவிப்பை இந்த இலையுதிர் காலத்திலேயே பார்த்து வையுங்கள். உங்கள் பேராசிரியர்கள் தாங்கள் பிஎச்.டி. செய்த இடங்களுக்கு எழுதிக் கேட்கும் வழியும் உண்டு. நான் பார்த்தவரை, வெளிநாட்டு மாணவர்கள் பலருக்கு அந்த வழியில்தான் கிடைத்தது.

பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறினால்

பெரிய இடங்களில் இளங்கலை மாணவருக்கு ஆராய்ச்சி கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. எம்.ஐ.டி.யில் 1969இலிருந்து இதற்கென்றே யு.ஆர்.ஓ.பி. என்ற திட்டம் நடக்கிறது, மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் அதே பெயரில் நல்ல திட்டம் உண்டு. கேள்வி உங்கள் சூழ்நிலைக்கு எது பொருந்தும் என்பதுதான்.

இரண்டாம் ஆண்டில் மாறிப் போகிறவர் புது ஊரில், முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில், யாருக்கும் பெயர் தெரியாதவராக மறுபடி ஆரம்பிக்கிறார். ஓர் ஆய்வகத்தில் இடம் பிடிக்கவே ஆறு மாதம், ஒரு வருடம் போய்விடும். பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது நான்காம் ஆண்டின் டிசம்பரில். கணக்குப் போட்டுப் பாருங்கள், நடுவில் எவ்வளவு காலம் மிஞ்சுகிறது?

அதைவிடப் பணம். இப்போது உங்களுக்குக் கிடைக்கும் ஸ்காலர்ஷிப் உங்கள் கல்லூரி தருவது, நீங்கள் மாறினால் அது கூட வராது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவதில்லை. வெளி மாநிலத்தவருக்கான முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அப்பா வாங்கிய கடனும் குறிப்பிட்ட கல்லூரிக்கென்று ஒப்புதல் ஆனது. மாறினால் வங்கியில் மறுபடி பேச வேண்டும், புது ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வேண்டும், கூடுதல் தொகைக்குக் கூடுதல் பிணை கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இதைச் சித்தப்பா யோசித்தாரா என்று தெரியவில்லை, நீங்கள் யோசித்தே ஆக வேண்டும்.

கல்லூரி உங்களுக்கு வேறு காரணத்தால் ஒத்துவரவில்லை என்றால், தனிமையோ, உடல்நலமோ, நீங்கள் விரும்பும் பாடமே அங்கே இல்லை என்பதோ என்றால், என் பதில் வேறாக இருந்திருக்கும். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. "வகுப்புகள் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்காக மட்டும் மாற நினைத்தால், மாற வேண்டாம் என்பதே என் கருத்து.

விசா: "சம்பளம் இல்லையே, என்ன பிரச்சினை?"

இந்த ஒரு வரி எனக்குக் கவலை தந்தது. சம்பளம் வாங்காவிட்டால் விசா விதி பொருந்தாது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை வெளியே போய் இலவசமாகச் செய்வதும் அனுமதியில்லா வேலையாகக் கருதப்படலாம். பின்னாளில் அது உங்கள் விசா நிலையையே பாதிக்கும். படிப்போடு சேர்ந்த வெளி வேலைக்கு சி.பி.டி. என்ற அனுமதி உண்டு. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகுதான் அதைப் பெற முடியும், ஐ-20இல் பதிவான பிறகே வேலையைத் தொடங்கலாம். முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டால், அந்தப் படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கல்லூரியிலேயே, கல்லூரி தரும் ஊதியத்தில் செய்யும் வேலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வகுப்புகள் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, விடுமுறையில் முழுநேரம் வளாகத்தில் வேலை செய்ய எஃப்-1 விசா இடம் தருகிறது. ஊதியம் வாங்கினால் சோஷியல் செக்யூரிட்டி எண் எடுக்க வேண்டும், அடுத்த ஏப்ரலில் வரிக்கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, இந்திய மாணவர்கள் நிலையான வரிக்கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கோரலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. பத்து வார ஊதியத்தில் பிடித்த கூட்டரசு வருமான வரி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் காலம் இது. உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையும் சீனியர் சொன்னதும் போதாது.

அந்த பி.ஏ.

அப்பாவின் வருத்தம் புரிகிறது. நம் ஊரில் அறிவியல் என்றால் பி.எஸ்சி. அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவற்றில் இயற்பியல் படித்தாலும் உயிரியல் படித்தாலும் பட்டத்தின் பெயர் பி.ஏ.தான். டவுட்னா வாங்கியதும் பி.ஏ.தான், செக் வாங்கியதும் அதுதான். பிஎச்.டி. சேர்க்கைக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. நான்கு ஆண்டு இளங்கலை முடித்து நேராகப் பிஎச்.டி.க்குப் போகலாம், எம்.எஸ். கட்டாயம் இல்லை. உயிரியலில் பிஎச்.டி. இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. இந்தியா திரும்பி அரசு வேலைக்கோ நெட் தேர்வுக்கோ போவதானால் சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும், அதற்குப் பாடத்திட்டமும் மதிப்பெண் பட்டியலும் பத்திரமாக இருக்கட்டும். இதை அப்பாவுக்குப் போனில் சொல்வதைவிட, செக், டவுட்னா பெயர்களோடு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நாலு பேர் கேட்கும்போது அவர் எடுத்துச் சொல்ல உதவும்.

இந்த இரண்டு வாரத்தில்

மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியை ஒதுக்கியிருக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள், மின்னஞ்சல் வேண்டாம். போவதற்கு முன் அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படியுங்கள், புரியாத இரண்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் புரிய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்க மாட்டார். பிறகு கேளுங்கள்: இந்தத் திட்டத்தில் என் பங்கு என்ன? கோடையில் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஊதியத்திலிருந்து போகுமா, தனியாகத் தருவார்களா? செமஸ்டர் தொடங்கிய பிறகும் தொடரலாமா? முன்பு உங்களோடு வேலை செய்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பெயர் பெயராக, இவள் இங்கே, அவன் அங்கே என்று சொல்லிக்கொண்டே போனால், அவரிடம் தயங்காமல் சேரலாம்.

உங்கள் புற்றுநோய் ஆசையையும் மறைக்காதீர்கள். "எனக்குக் கடைசியில் மனிதச் செல்லில் வேலை செய்ய ஆசை. இந்தக் கோடையில் அதற்கு உதவுகிற மாதிரி எந்தப் பகுதியை எனக்குத் தரலாம்?" என்று கேட்டால், எந்த நல்ல ஆசிரியரும் யோசித்துப் பார்ப்பார். டி.என்.ஏ. பக்கத்தை உங்களுக்கும், வயல் வேலையை வேறொருவருக்கும் பிரித்துக் கொடுக்கவும் கூடும். ஒருவேளை அவரே செல் உயிரியல் செய்யும் பக்கத்து அறைப் பேராசிரியரிடம் உங்களை அழைத்துப் போவார். சிறு கல்லூரியில் அந்த அறை பத்தடி தூரத்தில்தான் இருக்கும்.

கோடையில் ஊருக்கு வரவில்லையே என்று அம்மா வருத்தப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பத்து வாரம் என்பது ஜூன் தொடங்கி ஆகஸ்ட் தொடக்கம் வரை. உங்கள் செமஸ்டர் மே நடுவில் முடிகிறது. ஊதியத்தில் சேர்த்து வைத்து டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் எடுங்கள், பொங்கல் வரை வீட்டில் இருக்க முடியுமா என்று கல்லூரி நாள்காட்டியைப் பாருங்கள். கிளம்பும் முன் ஐ-20இல் பயணக் கையெழுத்து செல்லுபடியாகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்குள் உங்கள் முதல் போஸ்டர் தயாராகியிருக்கும். அதன் ஒரு பிரதியை அப்பாவுக்குக் கொண்டுவாருங்கள்.